உரிமையாளரை யார் யார் தடுக்கலாம்? சொத்துச் சட்டம் படிக்க ஒரு வரிசை

சேலத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொத்துச் சட்டம் படித்து வருகிறேன். மூன்றாண்டுப் படிப்பு, ஐந்தாண்டுப் படிப்பு, உரிமையியல் நீதிபதித் தேர்வு என்று எல்லாத் தரப்பும் வருவார்கள். தடுக்கி விழும் இடம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். "உரிமை என்றால் என்ன" என்று வரையறையில் தொடங்கி, பத்தாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

நான் சொல்லும் வரிசை தலைகீழானது. உரிமையை அதன் வேலியிலிருந்து படியுங்கள். ஒரு பிரிவைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "இந்த நிலத்தின் உரிமையாளரை இங்கே யார் தடுக்கிறார்கள், எந்த அளவுக்கு?" வேலி எங்கே என்று தெரிந்தால் உள்ளே இருப்பது தானாகத் தெரியும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டங்களின் மூலப் பாடம் வேண்டும். வழிகாட்டி நூல்கள் அப்புறம். குறைந்தது நான்கு: 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அதே 1882-இல் வந்த ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்குள்ள வழி, நீர் போன்ற உரிமை) சட்டம், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். வாங்கும்போது தமிழ்நாட்டுத் திருத்தங்கள் அடிக்குறிப்பில் இருக்கின்றனவா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். இல்லாத பதிப்பு விலை குறைவாக இருக்கும். ஆறாம் படியில் அது உங்களைக் கவிழ்க்கும்.

வீட்டில் உள்ள பழைய பத்திரம் ஒன்றின் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்துக் கிரயப்பத்திரம் என்றால் இன்னும் நல்லது. அதே சொத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு நகல், புல வரைபடம். பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்திலும் பார்க்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம். கோடு போடாதது. படம் வரையத்தான்.

2. ஒரே ஒரு நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புது 'அ', ஒரு புது 'ஆ' வருவார்கள். நாற்பது பிரிவு முடிந்ததும் எண்பது பேர். ஒருவரும் நினைவில் நிற்க மாட்டார்கள். அதனால் ஒரே நிலத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பிரிவுகளையும் அதன்மேல் ஓட்டுங்கள்.

எங்கள் வகுப்பு நிலம் கற்பனைதான், ஆனால் ஏற்காட்டில் அதுபோல் நிறைய உண்டு. சேர்வராயன் மலைச் சரிவில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. மேல் மூலையில் ஒரு ஊற்று. நடுவில் ஒரு தடம்; கீழே இருக்கும் மலையாளிப் பழங்குடிக் கிராமத்து மக்கள் தார் ரோட்டுக்கு வர அந்தத் தடத்தில்தான் நடக்கிறார்கள். ஒரு சின்ன வீடு. தோட்டத்தை வாங்கிய அப்பா இருக்கிறார். ஒரு மகன், ஒரு மகள்.

இதை நோட்டில் முழுப் பக்கத்துக்கு வரையுங்கள். இனி படிக்கும் ஒவ்வொரு பிரிவும் இந்தப் படத்தில் ஏதாவது ஒரு மூலையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அந்தப் பிரிவு உங்களுக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. பத்திரத்தின் மொழியைச் சட்டத்துக்கு முன் படியுங்கள்

பழைய கிரயப்பத்திரங்களில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: "தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது." பத்திர எழுத்தர்கள் மனப்பாடமாக எழுதுவது, வாங்குபவர் படிப்பதே இல்லை.

படித்துப் பாருங்கள். தானம் கொடுக்கலாம், விற்கலாம், பிள்ளை பேரனுக்குப் போகும், அனுபவிக்கலாம் என்று உரிமையின் உறுப்புகள் ஒவ்வொன்றாக அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இடம் விடுங்கள். அந்த உறுப்பைச் சட்டம் எங்கே வெட்டுகிறது என்பதைப் போகப் போக நிரப்பப் போகிறீர்கள்.

அப்புறம் செக்குபந்திக்கு வாருங்கள். நான்கு எல்லையும் எழுதி, கடைசியில் "மாமூல் வழித்தட பாத்தியம் சகிதம்" என்று ஒரு வால் இருக்கும். அந்த வாலில்தான் ஏழாம் படி முழுக்க இருக்கிறது.

கிரயம், கிரய ஒப்பந்தம், அடமானம், போக்கியம், குத்தகை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில், பவர் ஆகிய பத்துச் சொற்களுக்கும் 'இதனால் என்ன கை மாறுகிறது' என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். உயிலுக்கு "எழுதியவர் இறக்கும்வரை எதுவும் மாறாது" என்றும், பவருக்கு "எதுவுமே மாறாது, முகவர் நியமனம்தான்" என்றும் எழுதியிருந்தால் சரி. பவருக்கு நேராக "விற்பனை" என்று எழுதுபவர்கள் வகுப்பில் பாதிப் பேர். பொது அதிகாரப் பத்திரம், கிரய ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்வதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது.

4. பட்டா, சுவாதீனம், உரிமை: மூன்றையும் பிரித்துவிடுங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகவே கூடாது.

பட்டா என்பது இந்த நிலத்துக்கு யாரிடம் தீர்வை கேட்பது என்று அரசு எழுதி வைத்திருக்கும் குறிப்பு. சுவாதீனம் என்பது நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது. உரிமை என்பது நீதிமன்றம் கடைசியில் யாருடையது என்று சொல்லும் என்பது. பெரும்பாலும் மூன்றும் ஒருவரிடமே இருக்கும். பிரியும்போதுதான் வழக்கு வருகிறது.

நான் ஜூனியராக இருந்தபோது எழுதிய முதல் வக்கீல் நோட்டீஸில், "பட்டா எமது கட்சிக்காரர் பெயரில் உள்ளபடியால் அவரே உரிமையாளர்" என்று எழுதிவிட்டேன். சீனியர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பட்டா உரிமைக்கு ஒரு துணைச் சான்று, உரிமையே அல்ல.

பயிற்சி: நம் தோட்டத்தில் பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில், கிரயம் அப்பா பெயரில், சுவாதீனம் குத்தகைக்காரரிடம். மூன்று பேரும் வழக்குப் போட்டால் ஒவ்வொருவரும் எதை நிரூபிக்க வேண்டும்? அரைப் பக்கம் எழுதுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மலைநிலத்தில் சங்கிலி பிடித்துப் பார்த்து "வரைபடத்தைவிட நீளமாக இருக்கிறதே" என்று குழம்புவார்கள். வரைபடம் கிடைமட்ட அளவில் வரைவது. நீங்கள் சரிவின் மேல் அளக்கிறீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் ஆக்கிரமித்தார் என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம்.

5. சொத்து மாற்றுச் சட்டத்தை வரிசையாகப் படிக்காதீர்கள்

முதல் பிரிவில் தொடங்கி நேராகப் போனால் 13, 14-ஆம் பிரிவுகளில், இன்னும் பிறக்காத குழந்தைக்குச் சொத்து எழுதும் இடத்தில், மாட்டிக்கொள்வீர்கள். அங்கேயே ஒரு மாதம் போன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்லும் வரிசை இது.

முதலில் 3-ஆம் பிரிவு. அசையாச் சொத்து எது? வெட்டுமர நிலையில் நிற்கும் மரம், வளரும் பயிர், புல் மூன்றும் அதில் சேராது என்கிறது சட்டம். நம் தோட்டத்தில் சோதியுங்கள். சில்வர் ஓக்கை அடுத்த மாதமே வெட்டிக்கொள்ள வியாபாரிக்கு விற்றால் அது அசையும் சொத்து. பத்து வருடம் மண்ணில் நின்று வளர்ந்து அவ்வப்போது வெட்டிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தால் அது நிலத்திலிருந்து வரும் ஆதாயம், அசையாச் சொத்து, பதிவு வேண்டும். 1958-இல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது இதைத்தான். மரம் ஒன்றேதான், மண்ணிலிருந்து அது இன்னும் சாறு உறிஞ்ச வேண்டுமா என்பதே கேள்வி.

அடுத்து 5 முதல் 8 வரை. 6-ஆம் பிரிவு மாற்ற முடியாதவற்றின் பட்டியல். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் "எனக்கு வரப்போகும் பங்கை" விற்கிறான் என்று வையுங்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த தோட்டம் என்றால் மகன் கையில் இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. 6(ஏ) அதை விற்க விடாது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் விடை மாறிவிடும். சொத்து எப்படி வந்தது என்று கேட்காமல் விடை எழுதத் தொடங்குவதுதான் தேர்வில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இப்போது நேராக 54-க்குத் தாவுங்கள். விற்பனை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவுப் பத்திரத்தால் மட்டுமே. கிரய ஒப்பந்தம் தன்னளவில் நிலத்தின் மேல் எந்த உரிமையையும் தராது என்ற வாக்கியமும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அடிக்கோடு போடுங்கள்.

பிறகு 58 முதல் 60. அடமானத்தில் ஆறு வகை, பெயர்களை ஒப்பிக்காதீர்கள். சேலத்தில் போக்கியத்துக்கு வீடு பிடிக்கும் குடும்பங்கள் ஏராளம். மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. இது 58(டி)-யில் வரும் சுவாதீன அடமானம். நூறு ரூபாய்க்கு மேல் என்றால் 59-ஆம் பிரிவு பதிவும் இரண்டு சாட்சியும் கேட்கிறது. முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று இருப்பவர்களுக்கு, வீட்டுக்காரர் வேறொருவருக்கு விற்றபிறகுதான் வித்தியாசம் தெரிகிறது. 60-ஆம் பிரிவு மறுபக்கம்: கடனைக் கட்டி மீட்கும் உரிமையை அடமானம் வாங்கியவர் எந்த வாசகத்தாலும் அடைத்துவிட முடியாது.

குத்தகைக்கு 105 முதல் 108, பிறகு 111. 117-ஐத் தவறவிடாதீர்கள், விவசாயக் குத்தகைக்கு இந்த அத்தியாயம் பொதுவாகப் பொருந்தாது. நகர வாடகைக்கு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள். தானத்துக்கு 122, 123, 126. வாங்குபவர், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இவை முடிந்தபின்தான் 10, 11, 40. உரிமையாளரைத் தனி மனிதர்கள் எவ்வளவு கட்டிப்போடலாம் என்பது இங்கே. அப்பா மகளுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதி, "எக்காலத்திலும் யாருக்கும் விற்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை போடுகிறார். நிபந்தனை செல்லாது, செட்டில்மென்ட் செல்லும். மாணவர்கள் இதைத் தலைகீழாக எழுதுவார்கள்: மொத்தப் பத்திரமே செல்லாது என்று. ஏன் நிபந்தனை மட்டும் விழுகிறது? விற்கவே முடியாத சொத்தைக் கொடுத்துவிட்டு "உனக்குக் கொடுத்தேன்" என்று சொல்வதில் முரண் இருக்கிறது. சட்டம் கொடையைக் காப்பாற்றி முரணை வெட்டுகிறது.

பிறகு 41, 43, 44, 52, 53-ஏ. ஒவ்வொன்றிலும் உரிமையாளர் அல்லாத ஒருவர் காப்பாற்றப்படுகிறார் அல்லது கைவிடப்படுகிறார். 44-ஐ நம் தோட்ட வீட்டில் வைத்துப் பாருங்கள். அப்பாவுக்குப்பின் மகன் தன் பிரிக்கப்படாத பங்கை வெளியாளுக்கு விற்றால், அந்த ஆள் குடும்ப வீட்டுக்குள் வந்து சேர்ந்து குடியிருக்க முடியாது. பாகம் கேட்டு வழக்குப் போடலாம். 52-இல் ஒரு பொறி: வழக்கு நடக்கும்போது விற்றால் விற்பனை செல்லாது என்று எழுதாதீர்கள். செல்லும். வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவார், அவ்வளவுதான்.

13 முதல் 18 வரை கடைசியில். இப்போது அது கடினமாக இருக்காது, ஏனென்றால் இறந்தவரின் கை எவ்வளவு காலம் உயிருள்ளவர்களைக் கட்டிப்போடலாம் என்ற அதே வேலிக் கேள்விதான் அங்கேயும்.

6. பதிவுச் சட்டமும் மாநிலத் திருத்தமும்

17, 23, 47, 49 ஆகிய நான்கு பிரிவுகள் போதும், முதல் சுற்றுக்கு. எதைப் பதிய வேண்டும், எத்தனை மாதத்துக்குள் (நான்கு), எப்போதிருந்து செல்லும், பதியாவிட்டால் என்ன ஆகும்.

பொறி 17-இல். மத்தியச் சட்டத்தின் பாடத்தை மட்டும் படித்தவர், கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயமில்லை, ஒப்பந்தத்தை நம்பிச் சுவாதீனம் பெற்றவருக்கு சொத்து மாற்றுச் சட்டம் தரும் 53-ஏ பாதுகாப்பு வேண்டுமென்றால்தான் பதிய வேண்டும் என்று எழுதுவார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தமும் கட்டாயப் பதிவுக்குள் வந்துவிட்டது. சரி, பதியாத ஒப்பந்தம் குப்பையா? இல்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் 49-இன் காப்புவாசகப்படி (விதிவிலக்குச் சொல்லும் பகுதி) அதைச் சான்றாக எடுக்கலாம் என்று 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த மூன்று அடுக்கையும் ஒரே விடையில் எழுதுபவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

7. பக்கத்து நிலக்காரர்

என் கணக்கில் சொத்துச் சட்டத்தின் பாதி உயிர் இங்கேதான். கல்லூரியில் இதைத்தான் அவசரமாக முடிப்பார்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு காலைப் பொழுது முன்சீப் கோர்ட்டில் உட்கார்ந்து பாருங்கள். தடம், வாய்க்கால், பொதுக் கிணறு, கூரைத் தண்ணீர் என்று வந்துகொண்டே இருக்கும்.

முதலில் இயற்கை உரிமையையும் ஈஸ்மென்டையும் பிரியுங்கள். ஈஸ்மென்ட் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். பக்கத்து மண் உங்கள் மண்ணைத் தாங்கி நிற்பது இயற்கை உரிமை. அதை யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. கீழ்த்தோட்டக்காரர் ரிசார்ட் கட்ட மலையைச் செங்குத்தாக வெட்டி, உங்கள் காப்பிச் செடிகள் மண்ணோடு சரிந்தால் நீங்கள் கேட்கலாம். அவர் நிலம் அவருடையதுதான். உங்கள் நிலத்தைத் தாங்கும் வேலையை அவர் நிறுத்த முடியாது. ஆனால் இந்த உரிமை இயல்பான நிலையில் உள்ள மண்ணுக்குத்தான். விளிம்பில் நீங்கள் மூன்று மாடி கட்டி, அந்தப் பாரத்தால் சரிந்தால் கதை வேறு. மழைக்காலத்தில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவு மறக்காது.

ஈஸ்மென்ட் அப்படித் தானாக வருவதல்ல; கொடுத்தோ, தேவையாலோ, நீண்ட பழக்கத்தாலோ வர வேண்டும். 13-ஆம் பிரிவு தேவை: ஒரே நிலம் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டுக்கு வேறு வழியே இல்லை என்ற நிலை. "சுற்றிப் போனால் அரை மணி நேரம் கூடுதல்" என்பது தேவை ஆகாது, வசதிதான். 15-ஆம் பிரிவு பழக்கம்: அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக, இடைவிடாமல் 20 ஆண்டு. அரசு நிலமென்றால் 30.

இப்போது நம் தடத்துக்கு வாருங்கள். கிராமத்து மக்கள் நாற்பது வருடமாக நடக்கிறார்கள். 15 போதுமா? உரிமையாக நடந்தார்களா, பழைய உரிமையாளர் "போய்க்கோங்கப்பா" என்று விட்டதால் நடந்தார்களா என்று கேளுங்கள். அனுமதி என்றால் அது 52-ஆம் பிரிவு சொல்லும் லைசென்ஸ். எத்தனை வருடமானாலும் ஈஸ்மென்டாகப் பழுக்காது. பத்திரத்தின் அந்த வால், "மாமூல் வழித்தட பாத்தியம்", இங்கேதான் உயிர்பெறுகிறது. அது எந்தப் பத்திரத்தில், யாருக்காக எழுதப்பட்டது என்று தேடுங்கள்.

ஊற்றுக்கும் இதே பயிற்சியைச் செய்யுங்கள். மேலே உள்ளவர் குடிக்க, பாய்ச்ச எடுக்கலாம். இயல்பான ஓடையாக ஓடும் நீரைக் கீழே உள்ளவருக்கு முற்றிலும் அடைக்க முடியுமா? 7-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளிலேயே விடை இருக்கிறது. நான் சொல்லப்போவதில்லை.

8. காலம்

காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையில் 64, 65, 112-ஆம் இனங்கள், கூடவே 27-ஆம் பிரிவு. தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30. காலம் தாண்டினால் வழக்குப் போடும் உரிமை மட்டுமல்ல, சொத்துரிமையே அழிகிறது என்பது 27. காலவரம்பில் மற்ற இடங்களில் தீர்வுதான் போகும், உரிமை போகாது. இங்கே இரண்டும் போகும்.

"பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தா வீடு நமக்குத்தானே சார்?" ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். இல்லை. வாடகைக்காரர், தோட்டக் காவல்காரர், உறவினர் என்று அனுமதியோடு இருப்பவரின் சுவாதீனம் எதிரிடை அனுபோகம் ஆகாது. உண்மை உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். இதைக் கேடயமாக மட்டும்தான் பயன்படுத்தலாம், தானே வழக்குத் தொடுக்க முடியாது என்று எழுதியிருக்கும் புத்தகம் உங்களிடம் இருந்தால் அது பழையது. 2019-இல் ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

9. குடும்பம்

வாரிசுரிமையை வேறு தாள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உரிமையாளரின் கையைக் கட்டுவதில் குடும்பத்துக்கு நிகர் இல்லை. அதனால் இங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அன்று திருமணமாகியிருந்த மகள்களை விட்டுவிட்டது. மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கு தெளிவாக்கியது. மூன்றையும் ஆண்டு வரிசையில் எழுதிப் பழகுங்கள்.

நம் படத்தின் கீழ் மூலையில் உள்ள கிராமத்தை மறக்காதீர்கள். சேலம் மாவட்ட மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2)-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசு வேறு அறிவிக்கை செய்தாலன்றி அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஏற்காட்டை வைத்துக் கேள்வி கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இதைப் பார்க்காமலே விடை எழுதிவிடுகிறார்கள்.

10. அரசு

வேலியின் பெரிய பக்கம். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், தனியார் சட்டம் தெரியாமல் இங்கே வந்தால் எல்லாம் அரசியல் பேச்சாகிவிடும்.

அரசமைப்பில் தொடங்குங்கள். சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இன் 44-ஆம் திருத்தம் அதை நீக்கி 300-ஏ என்று வைத்தது. "சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது." இதை இன்னும் அடிப்படை உரிமை என்று எழுதினால் மதிப்பெண் போகும், வெறும் சட்ட உரிமை என்று எழுதினாலும் போகும். அது அரசமைப்பு உரிமை. பொது நோக்கமும் இழப்பீடும் அதற்குள் எப்படி அடங்குகின்றன என்பதற்கு 2011-இன் கே.டி. பிளாண்டேஷன் வழக்கு. முன்னறிவிப்பு, செவிமடுத்தல், காரணம் சொல்லும் முடிவு என்று தொடங்கி ஏழு உட்கூறுகளாகப் பிரித்தது 2024-இன் பிமல் குமார் ஷா வழக்கு. அந்த ஏழையும் நோட்டில் எழுதுங்கள். கையகப்படுத்தல் கேள்வி எது வந்தாலும் சரிபார்க்க உதவும்.

எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கை வந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. செய்தியில் இதோடு முடிந்துவிட்டது. தீர்ப்பைப் படித்தால் இன்னொன்று இருக்கிறது: 3-ஏ அறிவிக்கை வந்தவுடனேயே வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றியது தவறு; 3-டி பிரகடனத்தால்தான் நிலம் அரசைச் சேரும் என்றது அதே தீர்ப்பு. 'எடுக்கப் போகிறோம்' என்பதற்கும் 'எடுத்தாயிற்று' என்பதற்கும் நடுவில் உரிமையாளர் இன்னும் உரிமையாளர்தான். நான்காம் படியில் பட்டாவையும் உரிமையையும் பிரித்தவர்களுக்கு இந்தப் பத்தி உடனே புரியும்.

அடுத்து, எடுக்காமலே அரசு போடும் கட்டுகள். நம் மூன்று ஏக்கரில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

மண்ணுக்கு அடியில்: சேலத்தின் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், ஊரறிந்தது. நிலத்துக்கு அடியில் உள்ள கனிமம் எல்லாம் அரசுக்குத்தான் சொந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். மலபாரின் ஜென்ம நிலங்களை (பரம்பரையாக முழு உரிமையோடு ஆண்ட நிலங்கள்) பற்றிய திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், 2013-இல், சட்டப்படி பறிக்கப்படாதவரை அடிமண்ணும் நில உரிமையாளருடையதே என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் சொந்தம் என்பதால் தோண்டலாமா? முடியாது, 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி அனுமதி வேண்டும். உரிமை ஒருவரிடம், அதைப் பயன்படுத்தும் சாவி இன்னொருவரிடம். இந்தப் பாடம் முழுவதற்கும் இதைவிட நல்ல ஒற்றை எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மரம்: பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தனமானாலும் வனத்துறையைத் தாண்டி வெட்டி விற்க முடியாது. மற்ற மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து, உங்கள் கிராமம் அறிவிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். தேடுவதே பயிற்சி, சட்டம் ஒரு நிலத்துக்குப் பொருந்துகிறதா என்பதை அறிவிக்கைதான் சொல்லும் என்று அப்போதுதான் பிடிபடும்.

பரப்பு: 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று நிறுத்துகிறது. அப்படியானால் மலையில் நூற்றுக்கணக்கான ஏக்கர் எஸ்டேட்டுகள் எப்படி? தோட்டப் பயிருக்கு விலக்கு. காப்பி அதில் அடங்கும். காப்பியைப் பிடுங்கிவிட்டு வேறு எதற்காவது நிலத்தை மாற்றினால் விலக்கு என்ன ஆகும் என்று சட்டத்திலேயே தேடிப் படியுங்கள்.

கடைசியாக வன உரிமைச் சட்டம், 2006. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் இருக்கும் பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கலாம். 4(4)-ஆம் பிரிவைப் படியுங்கள்: வாரிசுக்குப் போகும், விற்க முடியாது, வேறு வகையிலும் மாற்ற முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு. நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" உண்டு. "தானாதி விநியோக விற்கிரயங்கள்" இல்லை. அப்படியானால் இது உரிமையா? வகுப்பில் இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரே விடை வந்ததில்லை. உங்கள் விடையைக் காரணத்தோடு ஒரு பக்கம் எழுதுங்கள்.

11. தீர்ப்பு படிக்கும் விதம்

தீர்ப்பின் மேலே அச்சாகும் சுருக்கமான தலைக்குறிப்பைப் படித்துவிட்டு முழுத் தீர்ப்பையும் படித்ததாகச் சொல்வது மாணவர்களிடம் மட்டுமல்ல, எங்களிடமும் உள்ள நோய். ஒரு தீர்ப்புக்கு நான்கு வரி போதும்: நிலம் எது, உரிமையாளர் என்ன செய்ய நினைத்தார், யார் எந்தப் பிரிவால் தடுத்தார், நீதிமன்றம் வேலியை எங்கே நட்டது. ஒரு வாரத்துக்கு இரண்டு தீர்ப்பு. அதற்கு மேல் போனால் பெயர்கள் மட்டுமே நிற்கும்.

தேதியைப் பாருங்கள். 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து எல்லாமே அரசமைப்பின் 39(பி) சொல்லும் 'சமூகத்தின் பொருள் வளம்' ஆகிவிடாது என்றது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் இதற்கு நேர்மாறான வரிகள் இருக்கும். பென்சிலால் அடித்து, பக்கத்தில் ஆண்டைக் குறித்து வையுங்கள்.

12. விடை எழுதுவது

சிக்கல் கேள்வி வந்தால் பிரிவு எண்ணில் தொடங்காதீர்கள். முதலில் சொத்து எப்படி வந்தது, என்ன பத்திரம், பதிவானதா, கையில் யார் வைத்திருக்கிறார் என்று நான்கு வரி. பிறகு பிரிவு. நேரம் போதாமல் பாதியில் நின்றாலும் இந்த நான்கு வரி இருந்தால் திருத்துபவருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரியும்.

மாதிரிக்கு ஒன்று. அப்பா தோட்டத்தை மகளுக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தார், பட்டா மாறவில்லை. மகன் பழைய பட்டாவைக் காட்டி வெளியாளுக்குக் கிரய ஒப்பந்தம் எழுதி, பதியாமல், முன்பணம் வாங்கிவிட்டான். வாங்கியவர் உள்ளே வந்து தடத்தை முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். மகள், வாங்கியவர், கிராமத்து மக்கள் மூவருக்கும் என்ன உண்டு? நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின் 41-ஆம் பிரிவைத் திறந்து, பட்டாவை நம்பி வாங்கியவருக்கு அது ஏன் கைகொடுக்காது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.